நெடுந்தீவுக்கு ஒரு தாதி வேண்டும்

இடமாற்றக் கடிதம் வந்த நாளில் வீட்டில் யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசிப் படகு எத்தினை மணிக்குப் பிள்ளை?"

மகளுக்கு அப்போது 28 வயது. மூன்று ஆண்டுகள் தாதியர் பயிற்சி, அதன்பின் பெரிய வைத்தியசாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை. 2022ஆம் ஆண்டு தை மாதம் நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. சாவகச்சேரிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனதைத் தவிர, படகேறி எங்கும் போனதில்லை.

"கடைசிப் படகை விட்டால்?"

"விட்டால் அங்கைதான் அம்மா. குவாட்டர்ஸ் இருக்காம்."

தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா திண்ணையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "உத்தியோகம் எண்டால் போகத்தான் வேணும். ஒரு வருசம் இருந்துபோட்டு மாறி வா."

தீவுக்குப் போகும் தாதியரில் பலர் இந்த "ஒரு வருசம்" என்ற சொல்லோடுதான் படகேறுகிறார்கள். சில கடிதங்கள் படகேறாமலே திரும்பிவிடுவதும் உண்டு. கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் மாமியார், மேற்படிப்பு, முதுகுவலி என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு காரணமும் உண்மையாகவே இருக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் விடுதியில் ஒரு நோயாளி சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதுவும் உண்மை.

படகில் கேட்ட முதற் கேள்வி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ். பண்ணையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட தாம்போதி. கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரைக்கும்தான் வீதி. அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித் துறைக்குக் கடல் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

நெடுந்தீவுப் படகில் ஏறுவது வெறும் ஆட்கள் மட்டுமல்ல. காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, பாண், மரக்கறிக் கூடை, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறும். தீவில் விளையாத, தீவில் செய்யாத எல்லாமே இந்த வழியாகத்தான் போக வேண்டும். மருந்தும் அப்படித்தான். மருந்தைக் கொடுக்கும் கையும் அப்படித்தான்.

அன்று படகில் ஒரு ஆச்சி பக்கத்தில் இருந்தார். மடியில் வெற்றிலைப் பை. புதுப் பயணப் பையையும் வெள்ளைச் சப்பாத்தையும் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டார்.

"புது மிஸியோ?"

"ஓம் ஆச்சி."

"எத்தினை நாளைக்கு?"

எந்த ஊர், யாருடைய மகள், கலியாணம் முடிஞ்சுதோ என்று யாழ்ப்பாணத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்டார். அதற்கு அந்த இளம் தாதியிடம் பதில் இருக்கவில்லை. "ஒரு வருசம்" என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துச் சமாளித்தார். ஆச்சிக்கு அந்தச் சிரிப்பும் பழகியதுதான்.

கடல் நடுவில் ஒரு ஆஸ்பத்திரி

நெடுந்தீவு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை வைத்து 'டெல்ஃப்ட்' என்றார்கள். மட்டக்குதிரைகளையும், பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், பெருக்குமரத்தையும் பார்க்க உல்லாசப் பயணிகள் காலையில் வந்து பின்னேரம் போய்விடுகிறார்கள். தீவில் இருக்கும் சில ஆயிரம் பேருக்கு அப்படிப் போய்விட முடியாது. பல கிணறுகளில் தண்ணீர் உவர். வேலை என்றால் கடற்றொழில், பனை, கால்நடை. இளம் ஆட்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ. அதனால் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் வயோதிபர்கள் அதிகம். பிரஷர், சீனி வருத்தம், முட்டு, ஆறாத காயம். இவை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டிய வருத்தங்கள்.

சின்ன ஆஸ்பத்திரி என்றால் சின்ன வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. அந்தத் தாதியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார். முதல் மாதத்திலேயே அந்த நினைப்புப் போய்விட்டது.

பெரிய வைத்தியசாலையில் ஒரு தாதிக்கு ஒரு விடுதி. சத்திரசிகிச்சை என்றால் அது மட்டும், குழந்தைகள் என்றால் அது மட்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் மூத்த தாதி. மேலே வைத்திய நிபுணர். கீழ் மாடியில் இரத்த வங்கி. தீவில் அதே கை காலையில் குழந்தைக்கு ஊசி போட வேண்டும், மத்தியானம் மீன் முள் குத்திச் சீழ் வைத்த காலுக்கு மருந்து கட்ட வேண்டும், இரவில் மூச்சு முட்டி வருபவருக்கு ஒட்சிசன் பிடிக்க வேண்டும். சத்திரசிகிச்சை, ஸ்கான், நிபுணர் எல்லாம் கடலுக்கு அப்பால். ஆகவே தீவுக்குப் போகும் தாதிக்குத் தெரிந்திருக்க வேண்டியது அதிகம். ஆனால் பதவி உயர்வையும் மேற்படிப்பையும் எதிர்பார்க்கும் இளம் தாதிகள், தீவுக்குப் போனால் கற்றது மறந்துவிடும் என்று பயப்படுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நோயாளி ஒருவரை யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து இறங்குதுறைக்கு ஒரு வாகனம், கடலுக்கு ஒரு படகு, குறிகட்டுவானில் இன்னொரு அம்புலன்ஸ். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நாடு முழுவதும் இலவச அம்புலன்ஸ் வரும் என்றாலும், அதன் சில்லுகள் கடற்கரையோடு நின்றுவிடும். இரவிலும் அவசரத்திலும் கடற்படைப் படகு உதவிக்கு வருவதுண்டு. நோயாளியோடு தாதியோ வேறு உத்தியோகத்தரோ கூடப் போக வேண்டியிருக்கும். போனவர் அடுத்த படகில்தான் திரும்பலாம். ஆக, ஒரு நோயாளி தீவை விட்டுப் போகும்போது ஒரு தாதியும் போய்விடுகிறார். பெரிய வைத்தியசாலையில் இது ஒரு மணி நேர இடைவெளி. தீவில் காற்று விட்டால் ஒரு நாள். விடாவிட்டால் இரண்டு மூன்று நாள்.

சோளகம் அடித்த இரவு

வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று புரட்டாதி வரை தீவை உலுப்பும். அந்தக் காலத்தில் ஒரு இரவு, முப்பத்து மூன்று வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு வலி எடுத்தது. தீவில் கர்ப்பிணிகளிடம் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். நாள் நெருங்குமுன் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் இருந்துவிட வேண்டும். அந்தத் தாதியும் கிளினிக்கில் வாரத்துக்கு வாரம் அதைத்தான் சொல்லிவந்தார். ஆனால் முப்பத்து மூன்றாம் வாரத்தில் யார் பெட்டி கட்டுவார்கள்?

வைத்தியர் பரிசோதித்து, உடனே அனுப்ப வேண்டும் என்றார். குழந்தையின் நுரையீரலுக்கான ஊசியைத் தாதி போட்டார். கடற்படைப் படகுக்கு அறிவித்தார்கள். மாவிலித் துறையில் டோர்ச் வெளிச்சத்தில் நான்கு பேர் கர்ப்பிணியைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். தாதி பக்கத்தில் குந்தினார். படகு எழும்பி விழும்போதெல்லாம் அந்தப் பெண் தாதியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"மிஸி, நீங்கள் நீந்துவியளோ?"

"இல்லையம்மா."

"அப்ப என்னெண்டு வந்தனியள்?"

அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. போதனா வைத்தியசாலையில் வலியை அடக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனாலும் அழுதது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

தாதிக்குத்தான் திரும்ப வழியில்லை. காற்று அடங்காததால் இரண்டு நாள் படகு ஓடவில்லை. சாவகச்சேரி வீட்டில் அம்மாவின் சமையல், சொந்தக் கட்டில், விசிறி எல்லாம் இருந்தும் அவருக்கு நித்திரை வரவில்லை. அங்கே விடுதியில் தன் பங்கு இரவுக் கடமையையும் இன்னொருவர் சேர்த்துப் பார்க்கிறார் என்பதே மனதில் ஓடியது.

மூன்றாம் நாள் காலையில் மாவிலித் துறையில் இறங்கினார். முதல் நாள் படகில் சந்தித்த அதே ஆச்சி, கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தார்.

"திரும்பி வந்திட்டியே பிள்ளை!"

பகிடியாகச் சொன்னதா, ஆச்சரியத்தில் சொன்னதா என்று தெரியவில்லை. ஆனால் தாதிக்கு அது சுருக்கென்றது. அக்கரைக்குப் போனவர் திரும்பி வருவதே இந்த ஊருக்கு அதிசயமாகிவிட்டதே என்று நினைத்தார்.

நோவுக்கு எத்தனை சொல்

அந்த இரண்டு இரவுகளையும் தனியாகச் சமாளித்தவர் குருநாகல் பக்கத்துச் சிங்களத் தாதி. வடக்கில் தமிழ்த் தாதியர் போதாததால், தெற்கிலிருந்து வரும் சிங்களத் தாதியர் பல வைத்தியசாலைகளில் வேலை செய்கிறார்கள். தங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் பயணத் தூரம் வந்து, மொழி தெரியாத இடத்தில் இரவுக் கடமை பார்ப்பது லேசானதல்ல. நோயாளிக்கும் அது லேசானதல்ல.

யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர் உடம்புக்கு ஏலாது என்றால் ஒரே சொல்லில் சொல்ல மாட்டார். நோகுது, குத்துது, உளையுது, கடுக்குது, விறைக்குது, எரியுது, அடைக்குது. ஒவ்வொன்றும் வேறு. கால் உளைந்தால் வயல் வேலையாக இருக்கலாம். விறைத்தால் சீனி வருத்தம். நெஞ்சு எரிந்தால் ஒரு மருந்து. அடைத்தால் உடனே ஈசீஜி. "ரிதெனவா" என்ற ஒரு சிங்களச் சொல்லுக்குள் இவ்வளவையும் போட்டுவிட்டால், இரவு இரண்டு மணிக்கு ஒரு உயிர் போய்விடக்கூடும்.

ஆகவே இருவரும் ஒரு கொப்பி தொடங்கினார்கள். இடப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் சிங்கள எழுத்தில் அதன் உச்சரிப்பு, வலப்பக்கம் விளக்கம். கொப்பி ஆஸ்பத்திரி மேசை லாச்சியில் இருந்தது. காற்று அடித்த இரண்டாம் இரவு ஒரு கடற்றொழிலாளி வந்து, "ஒண்டுமில்லை மிஸி, நெஞ்சுக்கை ஒரு மாதிரிச் செய்யுது" என்றபோது, அந்த 'ஒரு மாதிரி' கொப்பியில் இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு போடப்பட்டிருந்தது. வைத்தியரை எழுப்ப அது போதுமாக இருந்தது.

குருநாகல் தாதிக்கும் அக்கரையில் ஒரு சிறு மகன் இருந்தான். அவன் பள்ளிக்கூடம் சேரும் வயது வந்ததும் அவரும் மாற்றம் கேட்டுப் போனார். இறங்குதுறைக்கு வழியனுப்ப நிறையப் பேர் வந்தார்கள்.

கடிதத்தில் இல்லாத சிக்கல்கள்

ஒரு தாதியைத் தீவுக்கு அனுப்புவது என்றால் ஒரு ஆளை மட்டும் அனுப்புவதல்ல. கணவருக்கு அங்கே என்ன வேலை? பிள்ளைக்கு எந்த ரியூசன்? மாமனாருக்கு வருத்தம் வந்தால் யார் பார்ப்பது? இந்தக் கேள்விகளுக்கு நியமனக் கடிதத்தில் இடமில்லை.

கலியாணம் ஆகாதவர்களுக்கு வேறு சிக்கல். அந்தத் தாதிக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தரகர் அம்மாவிடம் சொன்னது இது: "பிள்ளை நேர்ஸ் எண்டால் எல்லாருக்கும் விருப்பம். ஆனால் எங்கை வேலை எண்டு கேட்டாப்பிறகு போன் எடுக்கினமில்லை." நேர்ஸ் மருமகள் வேண்டும். ஆனால் அவர் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அதற்குள் 2022 நெருக்கடி வந்தது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசை. பஸ் குறைந்தது. மருந்துத் தட்டுப்பாடு. அந்த ஆண்டு ஜூனில், அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசு அறிவித்தது. ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் ஆண்டு முடிவில் பல மூத்த ஊழியர்கள் ஒரேயடியாக வீட்டுக்குப் போனார்கள். தாதியரின் வட்ஸ்அப் குழுக்களில் ஆங்கிலப் பரீட்சைக்கான வகுப்பு விளம்பரங்கள் வரத் தொடங்கின. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, வளைகுடா என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வாழ்த்துச் செய்தி.

உலகம் முழுவதிலும் தாதியருக்குத் தட்டுப்பாடு. 2023இல் உலகத்துக்கு இன்னும் 58 இலட்சம் தாதியர் தேவைப்பட்டனர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. பணக்கார நாடு தன் வெற்றிடத்தை நடுத்தர நாட்டிலிருந்து நிரப்புகிறது. அந்த நாட்டின் தலைநகரம் தன் வெற்றிடத்தை மாவட்ட நகரத்திலிருந்து நிரப்புகிறது. மாவட்ட நகரம் கிராமத்திலிருந்து. இந்த வரிசையில் கடைசி ஆளாக நிற்பது தீவு. அதற்குப் பின்னால் இருப்பது கடல்தான்.

பணம் கொடுத்தால் தீருமா?

இது நெடுந்தீவுக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. தெற்கு அத்திலாந்திக் கடலின் நடுவில் சென் ஹெலினா என்று ஒரு தீவு இருக்கிறது. நெப்போலியனைச் சிறை வைத்த தீவு என்றால் பலருக்குத் தெரியும். 121 சதுர கிலோமீற்றர் பரப்பு. நாலாயிரத்துச் சொச்சம் பேர். 2017 வரை பயணிகள் விமானமே இல்லை. தென்னாபிரிக்காவின் கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் கப்பல் பயணம். அது பிரித்தானியாவின் ஆளுகைக்கு உட்பட்ட இடம். அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு வைத்தியர்களையும் தாதியரையும் வெளிநாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் போய்விடுகிறார்கள். மறுபடி விளம்பரம், மறுபடி நேர்முகம். தீவிலேயே பிறந்த இளையவர்களோ கூடிய சம்பளத்துக்காக பிரித்தானியாவுக்கும் போக்லாந்துக்கும் போகிறார்கள். பணம் ஆளைக் கூட்டி வரலாம். இருக்க வைப்பது வேறு விடயம் என்பது அந்தத் தீவின் அனுபவம்.

அப்படியானால் யார் இருப்பார்கள்? உலக சுகாதார நிறுவனம் இதே கேள்விக்கு 2010இலும் பிறகு 2021இலும் வழிகாட்டல்களை வெளியிட்டது. நல்ல விடுதி, கூடுதல் கொடுப்பனவு, மேற்படிப்பில் முன்னுரிமை, பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு முக்கியமாகச் சொல்லப்பட்ட ஒன்று: பின்தங்கிய ஊரில் பிறந்த பிள்ளைகளைத் தேடிப் பயிற்சிக்குச் சேருங்கள். அப்படியான ஊருக்குத் திரும்பி வேலை செய்யக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும். விஞ்ஞானம் படிக்க விரும்பும் தீவுப் பிள்ளைகள் பலர் யாழ்ப்பாணத்தில் தங்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வாடகை, சாப்பாடு, ரியூசன் என்று கடற்றொழில் செய்யும் தகப்பனால் எல்லாவற்றையும் தாங்க முடியுமா? பதினாறு வயதுப் பெண்பிள்ளையைத் தனியாக விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்று நாம் இன்று பேசும் பேச்சு, உண்மையில் பத்து வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை விஞ்ஞானம் படிக்காமல் விட்ட நாளில் தொடங்கியிருக்கிறது.

பின்னேர வகுப்பு

இது அந்தத் தாதிக்கு எந்த அறிக்கையையும் படித்துத் தெரியவில்லை. விடுதியைக் கூட்டித் துடைக்கும் அம்மாவின் மகள் சொல்லித் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை. தாயோடு வந்து விடுதி விறாந்தையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். ஒருநாள், "மிஸி, இதயத்திலை எத்தினை அறை?" என்று கேட்டாள். தாதி படம் கீறிக் காட்டினார். அடுத்த நாள் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்தாள்.

கடமை இல்லாத பின்னேரங்களில் குவாட்டர்ஸ் முற்றத்தில் வகுப்பு நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகத்தில் இருக்கும் இரத்தச் சுற்றோட்டத்துக்குப் பிறகு, பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் கட்டி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்து, "கேக்குதா?" என்று கேட்பார். மூன்று பிள்ளைகளும் ஆளுக்காள் கையைக் கட்டிக் கேட்டார்கள்.

"நேர்ஸ் ஆக வேணுமெண்டால் இங்கை இருந்து போக வேணுமோ மிஸி?"

"படிக்கப் போகத்தான் வேணும்."

"பிறகு வரலாமோ?"

"வரலாம்" என்றார் தாதி. சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அப்போது அவருக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வங்கி ஒன்றில் வேலை. நெடுந்தீவு என்று கேட்டபின்னும் போன் எடுத்த ஒரே ஆள். 2023 ஆவணியில் கலியாணம். அதன்பிறகும் அவர் தீவை விடவில்லை. வாரம் முழுக்க இங்கே, விடுமுறைக்கு அங்கே. பலமான காற்று அடித்தால் அந்த விடுமுறையும் இல்லை. தலைத்தீபாவளிக்குக்கூடக் கணவர் குறிகட்டுவான் வரை வந்து, படகு இல்லாமல் திரும்பிப் போனார்.

அடுத்த ஆண்டு அவரும் கர்ப்பிணியானார்.

வாரத்துக்கு வாரம் மற்றப் பெண்களுக்குச் சொன்ன புத்திமதி இப்போது அவருக்கே வந்து சேர்ந்தது. நாள் நெருங்குமுன் போய்விட வேண்டும். சோளகம் அடித்த அந்த இரவு அவருக்கு மறக்கவில்லை. பிரசவ விடுமுறை முடிந்து கைக்குழந்தையோடு திரும்பி வர முடியுமா என்று கணவரும் அவரும் பல இரவுகள் போனில் கதைத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? இரவுக் கடமையில் யார் வைத்திருப்பது? அம்மா வந்து இருப்பதாகச் சொன்னார். ஆனால் அம்மாவுக்கே முழங்கால் ஏலாது. படகில் ஏறி இறங்கவே முடியாதவர்.

கடைசியில் மாற்றம் கேட்டு எழுதினார். எழுதிய கடிதத்தில் இருந்த காரணங்கள் எல்லாம் உண்மையானவை. முன்பு மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் இருந்தவையும் இவைதான். "ஒரு வருசம்" என்று வந்தவர் இரண்டரை ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

இன்னும் ஒரு படகு

போகும் நாளுக்கு முன் கொப்பியை எடுத்து, புதிதாகக் கேட்ட நாலைந்து சொற்களை எழுதி, மறுபடி லாச்சியில் வைத்தார். அடுத்து வருபவர் தெற்கிலிருந்து வருவாரா, மலையகத்திலிருந்து வருவாரா, யாருமே வர நாளெடுக்குமா என்று அவருக்குத் தெரியாது.

வகுப்புக்கு வந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி கலைப்பிரிவு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். இன்னொருத்தி இன்னும் முடிவெடுக்கவில்லை. விடுதி துடைக்கும் அம்மாவின் மகள் மட்டும் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி உயிரியல் படிப்பது என்று முடிவாகியிருந்தது. பெரியம்மா வீடு சின்னது. எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பாள் என்று தாய்க்கே நம்பிக்கை இல்லை. "என்ரை வீடு பஸ்ஸுக்குப் பக்கத்திலைதான். சனிக்கிழமையிலை வா" என்று தாதி அவளிடம் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார்.

காலைப் படகுக்கு ஊர் கொஞ்சம் வந்திருந்தது. ஒருவர் கருவாட்டுப் பார்சல் கொடுத்தார். ஒருவர் பனங்கட்டிக் குட்டான். சோளகம் அடித்த இரவில் படகில் கையைப் பிடித்த பெண், இப்போது நடை பழகும் மகளோடு வந்திருந்தார். ஆச்சியும் வந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் விடைபெறும்போது யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. அது அபசகுனம். எங்கே போனாலும், எத்தனை நாளுக்குப் போனாலும், சொல்லும் சொல் ஒன்றுதான்.

"போட்டு வாறன் ஆச்சி."

ஆச்சி அவருடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

"கவனமா இறங்கு பிள்ளை. காத்துக்கு முதல் போய்ச் சேர்" என்றார்.

படகில் ஏறும்போது, விடுதி துடைக்கும் அம்மாவின் மகள் பயணப் பையைத் தூக்கி வந்து கொடுத்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தில் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.